பாம்பன் பாலமும் ஊராரின் ஞாபகமும்

1914-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில் போக்குவரத்துக்குத் திறக்கப்பட்ட நாள் தொட்டு, இரண்டு உலக யுத்தங்களையும், ஒரு தேசத்தின் விடுதலையையும், ஓர் ஊரையே விழுங்கிய பெரும் புயலையும் கண்டு, நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கடலின் நடுவே ரயில்களைத் தாங்கி நின்ற பாம்பன் பழைய பாலம், 2022-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தோடு தன் கடமையிலிருந்து ஓய்வு பெற்றது. அதன் பிறகு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ரயில்கள் இராமேசுவரம் தீவுக்கு வராமல் இக்கரையிலேயே நின்றுவிட, தீவு ஜனங்களும் யாத்ரிகர்களும் சாலைப் பாலத்தின் வழியே பஸ்ஸிலும் வேனிலும் போய்வந்து, அந்த நீண்ட காத்திருப்பைப் பொறுத்துக்கொண்டார்கள். 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 6-ஆம் தேதி, ஸ்ரீராம நவமியன்று, புதிய பாலத்தைப் பிரதமர் திறந்துவைக்க, இராமேசுவரத்துக்கு ரயில் மறுபடியும் கடல் கடந்து வந்தது. அன்று அந்தத் தீவில் உண்டான மகிழ்ச்சி முற்றிலும் நியாயமானது. அதில் பங்குகொள்ளாத தமிழர் இருக்க முடியாது.

புதிய பாலத்தைப் போற்ற வேண்டியது நம் கடமை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும், புதியது எழுந்துவிட்டது என்ற திருப்தியில், பழையதைக் கழிவு இரும்பாக எண்ணி அறுத்து விலைபோட்டுவிட்டு, அதனோடு வாழ்ந்த ஜனங்களின் ஞாபகங்களையும் கேட்பாரற்று அழியவிட்டுவிடுவோமானால், நாம் செய்தது பாதிப் புனருத்தாரணமே ஆகும் என்பது என் அபிப்பிராயம். பாலத்தின் மையத்தில் உள்ள பழைய தூக்குப் பகுதியையாவது காப்பாற்றிப் பாம்பன் கரையில் நிலைநிறுத்த வேண்டும் என்றும், அதற்கும் முன்பாக, அந்தப் பாலத்தோடும் 1964-ஆம் ஆண்டுப் புயலோடும் சம்பந்தப்பட்ட முதியவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்ய வேண்டும் என்றும் வேண்டிக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்தப் பாலம் எதற்காகக் கட்டப்பட்டது என்பதை இன்றைய இளைஞர்களில் பலர் அறியமாட்டார்கள். சென்னையிலிருந்து கொழும்புக்குப் போக வேண்டியவர்கள் ஒரு காலத்தில் தூத்துக்குடி வரை ரயிலில் சென்று, அங்கிருந்து நீராவிக் கப்பல் ஏறி, நெடுநேரம் அலைகளில் அல்லற்பட்டே அக்கரை சேர்ந்தார்கள். பாம்பன் கால்வாயைப் பாலத்தால் கடந்து, தனுஷ்கோடி வரை இருப்புப்பாதை நீண்டுவிட்டால், அங்கிருந்து இலங்கையின் தலைமன்னாருக்குச் சில மணி நேரத்துக் கப்பல் பிரயாணமே மீதமிருக்கும் என்ற கணக்கின் பலனாகத்தான் இரண்டு கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள இந்தப் பாலம், கடலில் வரிசையாக எழுப்பிய நூற்று நாற்பதுக்கும் மேற்பட்ட தூண்களின் மீது உருவாயிற்று. ‘போட் மெயில்’ என்று ஜனங்கள் அன்போடு அழைத்த அந்த வண்டியில் ஏறுகிறவர், சென்னையில் வாங்கிய ஒரே டிக்கெட்டைக் கொண்டு, ரயில், கப்பல், மறுபடியும் ரயில் என்று மாறி, கொழும்பில் போய் இறங்கினார்.

அந்தப் பாலத்தைக் கடந்து போனவர்கள் யாவர் என்று எண்ணிப் பார்த்தால், அது வெறும் போக்குவரத்துச் சாதனம் அன்று, தென்னாட்டின் சமூக சரித்திரத்தில் ஓர் அத்தியாயம் என்பது விளங்கும். காசியிலிருந்து கங்கை நீரைச் சுமந்து இராமநாதரைத் தரிசிக்க வந்த வடநாட்டு யாத்ரிகர்கள் அதன் மீது வந்தார்கள். பஞ்சத்துக்கும் கடனுக்கும் அஞ்சிச் சொந்தக் கிராமத்தை விட்டுக் கிளம்பிய ஏழைக் குடியானவர்கள், இலங்கை அரசாங்கம் மண்டபத்தில் நடத்திவந்த முகாமில் தங்கவைக்கப்பட்டு, வைத்தியப் பரிசோதனைகள் முடிந்த பின், மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு அதன் மீதேதான் சென்றார்கள். கொழும்பில் கடை வைத்திருந்த வியாபாரிகள், அவர்களை வழியனுப்ப வந்த தாய்மார், கருவாட்டு மூட்டைகளுடன் உள்நாட்டுச் சந்தைகளுக்குப் புறப்பட்ட தீவுவாசிகள் ஆகிய எல்லாருடைய வாழ்விலும் அந்தப் பாலத்தின் தடதட ஓசை கலந்திருந்தது. இரண்டாம் உலக யுத்தத்தின்போது இராமேசுவரம் நிலையத்தில் வண்டி நிற்பது ரத்தான சமயத்தில், ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட பத்திரிகைக் கட்டுகளைச் சேகரிக்கும் வேலையில் தம் உறவினருக்கு உதவி, அதனால் தம் முதல் சம்பாத்தியத்தைப் பெற்ற சிறுவனே பிற்காலத்தில் இத்தேசத்தின் ஜனாதிபதியான அப்துல் கலாம் என்பதை அவருடைய சுயசரிதம் சொல்லுகிறது. அந்தப் பத்திரிகைக் கட்டுகளும் பாம்பன் பாலத்தைக் கடந்து வந்தவையே.

அமெரிக்கப் பொறியாளர் ஷெர்ஸர் வகுத்த முறையில் அமைந்த அதன் தூக்குப் பகுதியைத் திறக்கும் காட்சியைச் சற்று நெருங்கி நோக்குவோம். பாக் நீரிணைப் பக்கத்திலிருந்து மன்னார் வளைகுடாப் பக்கத்துக்கோ, அங்கிருந்து இப்பக்கத்துக்கோ போக வேண்டிய சிறு கப்பல்களும் மீன்பிடி விசைப்படகுகளும் துறைமுக அலுவலகத்தின் அனுமதிக்காக நங்கூரமிட்டுக் காத்திருக்கும். ரயில் வராத நேரம் பார்த்து உத்தரவு கிடைத்ததும், பாலத்தின் இரு பக்கங்களிலும் ஆட்கள் நின்று, மின்சாரத்தின் உதவியின்றித் தங்கள் தோள்வலியால் விசைக்கோல்களைத் தள்ளிச் சுற்றுவார்கள். பற்சக்கரங்கள் முனகத் தொடங்கும். தண்டவாளத்தைத் தன் மீது கொண்ட இரும்புச் சட்டம் வளைந்த அடிப்பாகத்தின் மேல் மெல்ல உருண்டு பின்னோக்கிச் சாய, இரண்டு பாதிகளும் வானை நோக்கி நிமிரும். உள்ளங்கைகள் காய்த்துப்போன அந்தத் தொழிலாளர்கள் முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டு நிற்க, அவர்களுடைய காலடியில் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக நழுவிச் செல்லும். எத்தனையோ டன் எடையுள்ள இரும்பைச் சிலருடைய கைகள் இணங்கவைத்த அந்த வித்தை இன்று நின்றுபோயிற்று. புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள ஒரே சட்டம், இரு கோபுரங்களுக்கு நடுவே, மின் விசையால் செங்குத்தாக 17 மீட்டர் உயரம் வரை எழுகிறது. இந்தியாவில் இவ்வகைக் கடற்பாலங்களில் இதுவே முதலாவது. அதைச் சமைத்த பொறியாளர்கள் நம் வணக்கத்துக்குரியவர்கள். ஆனால், அந்தக் கைவித்தையை அறிந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதையும் நாம் மறந்துவிடலாகாது.

இனி அந்தக் கொடிய இரவின் கதைக்கு வருவோம். 1964-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆம் தேதி இரவு, தெற்கு அந்தமான் கடலில் பிறந்து இலங்கையின் வட பகுதியைக் கடந்து வந்த புயல், ஏழு மீட்டருக்கும் மேல் எழும்பிய அலைகளுடன் இராமேசுவரம் தீவின் மீது பாய்ந்தது. பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன்பாகப் புறப்பட்ட 653-ஆம் எண் பாசஞ்சர் வண்டி, தனுஷ்கோடியை நெருங்கும் தறுவாயில், அதில் இருந்தவர் அனைவரோடும் கடலுக்கு இரையாயிற்று. பிரயாணிகள் 110 பேர், ரயில்வே ஊழியர்கள் ஐவர் என்பது அன்றைய கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் தொகை அதிகமாகும் என்று ஊரார் இன்றளவும் சொல்லுகிறார்கள். ரயில் நிலையமும், தபால் நிலையமும், சுங்கச் சாவடியும், கோயிலும், மாதா கோவிலும், பள்ளிக்கூடமும் கொண்டு சுறுசுறுப்பான துறைமுகப் பட்டினமாக விளங்கிய தனுஷ்கோடி ஒரே இரவில் மணல்மேடாயிற்று. இராமேசுவரத்திலோ, இராமநாதசுவாமி கோயிலில் தஞ்சம் புகுந்த ஜனங்கள் உயிர் பிழைத்தார்கள்.

பாலத்துக்கு நேர்ந்த சேதமும் சாமான்யமானதன்று. 126 கர்டர்கள் தூண்களிலிருந்து பெயர்த்தெறியப்பட்டுக் கடலுக்குள் போயின. ஷெர்ஸர் தூக்குப் பகுதி மட்டும் புயலின் முழு வலிவையும் தாங்கி அப்படியே நின்றது. பாலத்தைச் சீர்திருத்த ஆறு மாதம் என்று முதலில் காலம் குறித்த ரயில்வே நிர்வாகம், அதைப் பின்னர் மூன்று மாதமாகக் குறைத்தது. அப்போது முப்பத்திரண்டு வயதே நிரம்பியிருந்த ஈ. ஸ்ரீதரன் என்னும் பொறியாளரிடம் அப்பணி ஒப்படைக்கப்பட, 46 நாட்களில் அது நிறைவேறிற்று. இந்த அபூர்வமான சாதனையைப் பேசுகிறவர்கள் பொதுவாக அந்தப் பொறியாளரின் தீரத்தை மட்டும் சொல்லி நிறுத்திவிடுகிறார்கள். அந்தத் தீரம் போற்றத்தக்கதே. ஆயினும், புதிய கர்டர்களை வரவழைக்கக் கால அவகாசமில்லாத அந்நிலையில், பழைய கர்டர்கள் கடலடியில் கிடக்கும் இடம் மீனவர் மூலமாகவே தெரியவந்தது என்பதும், அவற்றையே மேலே தூக்கியெடுத்துத் தூண்களின் மீது மறுபடியும் ஏற்றிவைத்தார்கள் என்பதும் அந்தப் பணியின் வரலாற்றில் உள்ள செய்திகள். கால்வாயில் நீரோட்டம் எப்போது எத்திசையில் இழுக்கும், வாடைக்காற்றில் கடல் எப்படிக் குமுறும், அடிமணலில் எங்கே பாறை, எங்கே பள்ளம் என்பதைப் பரம்பரை பரம்பரையாக அறிந்த ஜனங்களின் ஞானம், பொறியியல் சாஸ்திரத்தோடு கைகோத்துக்கொண்டதால்தான் அந்த 46 நாள் அதிசயம் நிகழ்ந்தது. ஸ்ரீதரனின் பெயர் சரித்திரத்தில் நிலைபெற்றுவிட்டது. கடலில் மூழ்கிய இரும்பைக் கண்டு சொன்னவர்களும், அதை நீரிலிருந்து இழுத்து மேலேற்றிய தொழிலாளர்களும் யார் என்று கேட்டால் நம்மால் பதில் சொல்ல முடிகிறதா?

பாலம் மீண்டது, தனுஷ்கோடி மீளவில்லை. மனிதர் குடியிருக்கத் தகாத இடம் என்று அரசாங்கம் அதை அறிவித்தது; கப்பல் போக்குவரத்து இராமேசுவரத்துக்கு மாறிற்று. அந்தப் புயலுக்கு இரண்டு மாதங்களுக்கு முன்னால், 1964 அக்டோபர் 30-ஆம் தேதி, லால் பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, மலையகத் தமிழர்களில் லட்சக்கணக்கானோர் தாயகம் திரும்ப வேண்டியவர்களானார்கள். அவர்களில் பெரும்பாலோர் கப்பலில் இராமேசுவரத்தில் வந்து இறங்கி, சீர்திருத்தப்பட்ட அதே பாம்பன் பாலத்தின் மீதேதான் தமிழகத்தின் உள்நாட்டுக்குள் நுழைந்தார்கள். பாட்டனாரை மண்டபத்து முகாமிலிருந்து வழியனுப்பிய பாலம், பேரப் பிள்ளைகளை மூட்டை முடிச்சுகளோடு வரவேற்ற பாலமும் ஆயிற்று. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மற்ற இடங்களிலும் குடியேறிய அந்தக் குடும்பங்களில், பாலத்தின் மீது முதன்முதலாக வந்த நாளைச் சொல்லக்கூடிய வயோதிகர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய நினைவும் இந்தப் பாலத்தின் சரித்திரமே.

ஊராரின் ஞாபகத்தை நான் இவ்வளவு வற்புறுத்துவதால், அந்த ஞாபகம் பிழையற்றது என்று கருதுவதாக யாரும் நினைக்க வேண்டாம். 1964-ஆம் ஆண்டு விபத்தில் ரயில் பாம்பன் பாலத்திலிருந்து கவிழ்ந்தது என்று எத்தனையோ பேர் இன்றும் நம்புகிறார்கள். உண்மையில் வண்டி பாலத்தின் மீது இல்லை, தீவின் மறு கோடியில் தனுஷ்கோடிக்கு அருகே இருந்தது. பாலம் உடைந்ததும் ரயில் அழிந்ததும் ஒரே இரவில் நடந்தமையால், இரண்டு துயரங்களும் ஜனங்களின் மனத்தில் ஒன்றாகக் கலந்துவிட்டன. பிழை இருப்பதால் வாய்மொழியைப் புறக்கணிக்க வேண்டும் என்பது வாதமாகாது. ஒருவர் கண்ணால் கண்டது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்து, ரயில்வே தஸ்தாவேஜுகளோடும் அக்காலப் பத்திரிகைகளோடும் ஒப்பிட்டு, முறையாகப் பதிவு செய்வதற்கே அது காரணமாகும். தஸ்தாவேஜுகள் இறந்தவர்களின் தொகையைச் சொல்லும். அன்றிரவு தனுஷ்கோடியில் எந்த வீட்டார் எந்த மணல்மேட்டில் ஏறினார்கள், மறுநாள் குடிநீருக்கு என்ன செய்தார்கள், பாலம் இல்லாத அந்த நாட்களில் தீவுக்கு அரிசி எப்படி வந்து சேர்ந்தது என்பவற்றை அங்கே வாழ்ந்தவர்கள்தான் சொல்ல முடியும்.

பழைய பாலத்தை அப்படியே கடலில் நிறுத்திவைக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. உலகத்திலேயே இரும்பை மிக விரைவாக அரிக்கும் உப்புக்காற்று வீசும் இடங்களில் பாம்பனும் ஒன்று. வண்ணம் பூசுவதும் துருவைச் சுரண்டுவதுமாக அங்கே பராமரிப்பு வேலை ஓயாமல் நடக்க வேண்டியிருந்தது. காற்றின் வேகம் மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலை நிறுத்திவைக்கும் சமிக்ஞை ஏற்பாடு அதற்குத் தேவைப்பட்டது. 2013-ஆம் ஆண்டு தொடக்கத்தில் கடற்படைக்குரிய மிதவைக் கலம் ஒன்று காற்றில் அடித்துவரப்பட்டு அதன் மீது மோதிச் சேதம் உண்டாக்கிற்று. பயனற்ற தூண்களும் கர்டர்களும் கால்வாயின் நடுவே நிற்பது கலங்களுக்கு இடையூறு என்பதையும், இரண்டு கிலோமீட்டர் இரும்பைக் காப்பாற்ற ஆகும் செலவை ஏழை நாடு தாங்காது என்பதையும் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆகவேதான் ஷெர்ஸர் தூக்குப் பகுதியை மட்டும் கேட்கிறேன். மற்றவை அகன்றாலும், புயலில் அசையாமல் நின்ற அந்த ஒரு பகுதியைப் பெயர்த்துக் கொண்டுவந்து, பாம்பன் கரையிலோ மண்டபத்துக் கரையிலோ, பள்ளிப் பிள்ளைகள் அருகில் நின்று தொட்டுப் பார்க்கும்படி, அதன் பற்சக்கரங்களும் விசைக்கோல்களும் சிதையாமல் நிறுவுவது நம் பொறியாளர்களுக்கு அசாத்தியமான காரியமன்று. கடலடியில் கிடந்த கர்டர்களை 46 நாட்களில் எடுத்து மாட்டிய பரம்பரையின் வாரிசுகள் அல்லவா அவர்கள்!

இத்தகைய பாதுகாப்பு ரயில்வேக்குப் புதிய வழக்கமும் ஆகாது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் ஏறும் நீலகிரி மலை ரயில், வேகத்தால் பார்த்தால் எந்தப் பஸ்ஸுக்கும் ஈடாகாது. இருந்தும் அதைக் காப்பாற்றினோம், 2005-ஆம் ஆண்டு யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது, இன்று அதனால் பெருமையும் வருமானமும் அடைகிறோம். பாம்பன் பாலத்தை அகலப் பாதைக்கு மாற்றுவது சாத்தியமா என்ற சந்தேகம் எழுந்தபோது, அப்துல் கலாம் அவர்களின் வற்புறுத்தலும் பொறியாளர்களின் ஆராய்ச்சியும் சேர்ந்து அதை வலுப்படுத்தி, 2007-ஆம் ஆண்டில் அகலப் பாதை ரயிலை அதன் மீது ஓடச்செய்தன. அன்றைக்கு அந்தப் பாலத்துக்கு ஆயுளை நீட்டித்துக் கொடுத்த அதே அக்கறை, இன்று அதன் ஞாபகத்துக்கும் ஆயுளை நீட்டித்துக் கொடுக்க வேண்டும்.

நான் கேட்கும் ஞாபகச் சின்னம், உல்லாசப் பிரயாணிகள் படம் எடுத்துக்கொள்வதற்கான அலங்காரப் பொருளாக மட்டும் நின்றுவிடக் கூடாது. அதன் பக்கத்திலேயே ஒரு சிறு காட்சிசாலை வேண்டும். அங்கே 653-ஆம் எண் வண்டியில் மாண்டவர்களில் அறியக்கூடிய அனைவருடைய பெயர்களும், டிக்கெட் வாங்கியவர் வாங்காதவர் என்ற பேதமின்றி, பொறிக்கப்பட வேண்டும். பாலத்தைத் திறந்து மூடிய தொழிலாளர்கள், தண்டவாளத்தைக் கால்நடையாகக் காவல் காத்த கேங்மேன்கள், கர்டர்களை மீட்கத் துணைநின்ற மீனவர்கள் ஆகியோரின் குரல்கள் அங்கே ஒலிப்பதிவில் கேட்கப்பட வேண்டும். தனுஷ்கோடியில் பிறந்து, தங்கச்சிமடத்திலும் பாம்பனிலும் மற்ற ஊர்களிலும் குடியேறிவிட்டவர்களின் வீடுகளில் கிடக்கும் பழைய புகைப்படங்களும் கடிதங்களும் பிரதியெடுக்கப்பட்டு, சொந்தக்காரரிடமே திருப்பித் தரப்பட வேண்டும். காட்சிசாலையை நிர்வகிக்கும் குழுவில் ரயில்வே உத்தியோகஸ்தர்களுக்குச் சமமாக ஊர்ப் பிரதிநிதிகளும் இடம்பெற வேண்டும். வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு அந்தக் கதையைச் சொல்லும் வேலை தீவின் இளைஞர்களுக்கே கிடைக்க வேண்டும். ஒரு ஸ்தலத்தின் ஞாபகத்தைப் பாதுகாப்பதாகச் சொல்லிக்கொண்டு, அந்த ஸ்தலத்து ஜனங்களைப் புறத்தே நிறுத்திவைப்பது தர்மமாகாது.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுவே. புதிய பாலத்துக்கு 500 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்ட தேசம், அதன் முன்னோடியின் ஒரு பகுதியைக் காக்கச் சிறு தொகையை ஒதுக்குவதால் வறுமையடைந்துவிடாது. வாய்மொழிப் பதிவுக்கோ பெரும் பொருள் தேவையே இல்லை. மாவட்ட நிர்வாகம் முன்வந்து, அருகிலுள்ள கல்லூரிகளின் சரித்திர மாணவர்களுக்குப் பயிற்சி அளித்து, ஒரு கோடை விடுமுறையை அதற்காக ஒதுக்கினாலே வேலையின் பெரும்பகுதி முடிந்துவிடும். இரும்பு இன்னும் சில ஆண்டுகள் உப்புக்காற்றில் தாக்குப்பிடிக்கலாம்; மனித ஆயுளுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. 1964-ஆம் ஆண்டு டிசம்பரில் பத்து வயதுச் சிறுவராக அந்த அலையைக் கண்டவர் இப்போது எழுபதைக் கடந்துவிட்டார். அப்போது முப்பது வயதில் கர்டருக்குக் கயிறு கட்டியவர் உயிரோடிருந்தால் தொண்ணூறைக் கடந்தவர். ஆகையால் ரயில்வே நிர்வாகமும் தமிழக அரசும் தூக்குப் பகுதியைக் குறித்து எந்த முடிவுக்கு வருவதாயினும், ஒலிப்பதிவு வேலையை அந்த முடிவுக்காகக் காத்திராமல் இந்த ஆண்டிலேயே தொடங்கிவிட வேண்டும். பாம்பனிலிருந்தே தொடங்க வேண்டும்.